மைன்கிராஃப்ட் சர்வர்: வீட்டு டெஸ்க்டாப் போதுமா, வாடகைக்கு எடுக்க வேண்டுமா?

கேள்வி: மதுரையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என்னையும் சேர்த்து எட்டுப் பேர் மைன்கிராஃப்ட் ஆட ஒரு சர்வர் வேண்டும். ஐந்து பேர் மதுரை, இருவர் சிங்கப்பூர், அத்தை மகன் டொராண்டோவில். இரண்டு பேர் போனில் ஆடுபவர்கள், மற்றவர்கள் ஜாவா பதிப்பு. வீட்டில் பழைய டெஸ்க்டாப் ஒன்று சும்மா இருக்கிறது: ஐ5-4570, 16 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. இணைப்பு 100 எம்பிபிஎஸ் ஃபைபர். ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டு செய்தும் வெளியிலிருந்து யாராலும் நுழைய முடியவில்லை. ஒரு நிறுவனம் 4 ஜிபி சர்வருக்கு, 'எத்தனை பேர் வேண்டுமானாலும் ஆடலாம்' என்று சொல்லி, மாதம் 800 ரூபாய் கேட்கிறது. கரண்ட் பில் எகிறும், எவனாவது ஹேக் செய்துவிடுவான் என்று அப்பா தயங்குகிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதல் இரண்டு மாதம் வீட்டு டெஸ்க்டாப்பிலேயே, மாலை ஆறு முதல் நள்ளிரவு வரை மட்டும் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் எட்டுப் பேரும் விடாமல் ஆடிக்கொண்டிருந்தால் வாடகைக்கு மாறுங்கள். இப்போதே 800 ரூபாய் கட்ட வேண்டாம் என்பதற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. சர்வர் எதனால் திணறுகிறது என்பதை வீட்டில் ஓட்டிப் பார்த்தவருக்குத்தான் வாடகைக்கு எடுக்கும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும்.

முதலில் போர்ட் ஃபார்வர்டு, அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்பை ரூட்டர் உங்கள் டெஸ்க்டாப்புக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு, ஏன் பலிக்கவில்லை என்று பார்ப்போம். ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் ஐபி (இணையப் பக்கத்தில் ரூட்டருக்குக் கிடைத்த முகவரி) என்று ஒரு எண் இருக்கும். அதையும், 'என் ஐபி என்ன' என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் தெரியும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் உங்களுக்குப் பொது முகவரி இருக்கிறது. தவறு ரூட்டர் அமைப்பிலோ கணினியின் ஃபயர்வாலிலோதான். வேறுவேறாக இருந்து, ரூட்டர் காட்டும் எண் 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. சிஜிநாட் என்பது இதுதான். இந்த எண் வரிசையை 2012இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கும்போது உங்கள் ரூட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. மூடியிருக்கும் கதவு நிறுவனத்தின் கருவியில் இருக்கிறது, அதன் சாவி உங்களிடம் இல்லை.

எண் 10 அல்லது 192.168 என்று தொடங்கினால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியே ஒரு ரூட்டராக வேலை செய்ய, அதன் பின்னால் நீங்கள் வாங்கிய வைஃபை ரூட்டரும் இன்னொரு நாட் (ஒரு முகவரியைப் பல கருவிகளுக்குப் பங்கிடுவது) போட்டிருக்கலாம். அப்படியானால் ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரூட்டர் வேலை செய்யாமல் இணைப்பை அப்படியே கடத்தும் முறை) மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் இரண்டு பெட்டியிலும் வரிசையாக ஃபார்வர்டு செய்யுங்கள். இரண்டாவது காரணம், நிறுவனமே 10 வரிசையில் முகவரி கொடுத்திருப்பது. அதுவும் சிஜிநாட்தான்.

பொது முகவரி இருந்தால் வேலை சுலபம். டெஸ்க்டாப்புக்கு ரூட்டரின் டிஹெச்சிபி (வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் பகுதி) பக்கத்தில் நிரந்தர உள் முகவரி ஒதுக்குங்கள், உதாரணத்துக்கு 192.168.1.50. இதைச் செய்யாவிட்டால் ஒரு கரண்ட் கட்டுக்குப் பிறகு டெஸ்க்டாப்புக்கு வேறு எண் வந்து, ஃபார்வர்டு யாருமில்லாத முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். ஜாவா பதிப்புக்கு டிசிபி 25565, போன்காரர்களுக்கு யுடிபி 19132 என்று இரண்டை மட்டும் திறங்கள். சோதிக்கும்போது வீட்டு வைஃபையிலிருந்து பொது முகவரியைப் போட்டுப் பார்க்காதீர்கள். பல ரூட்டர்கள் உள்ளிருந்து வெளியே போய் மீண்டும் உள்ளே வரும் இணைப்பைத் திருப்பி விடுவதில்லை. சர்வர் நன்றாக இருந்தும் 'வேலை செய்யவில்லை' என்று பலர் மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். மொபைல் டேட்டாவில் இருக்கும் நண்பரை நுழையச் சொல்லுங்கள், நீங்கள் 192.168.1.50 என்றே போட்டு நுழையுங்கள்.

சிஜிநாட் என்றால் மூன்று வழிகள். இணைய நிறுவனத்திடம் ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கே உரிய மாறாத பொது முகவரி) கேட்கலாம். சில நிறுவனங்கள் வீட்டு இணைப்புக்குத் தனிக் கட்டணத்தில் தரும், சில வணிகத் திட்டத்துக்கு மட்டும்தான் தரும். இரண்டாவது, டெயில்ஸ்கேல் போன்ற தனிவலை மென்பொருள்: எட்டுப் பேரும் ஆளுக்கொன்று நிறுவிக்கொண்டால், இணையத்தில் எந்தப் போர்ட்டையும் திறக்காமலே ஒரே வீட்டு வலையில் இருப்பதுபோல ஆடலாம். பாதுகாப்பில் இதுதான் உயர்ந்தது. குறை என்னவென்றால், ஒவ்வொருவரும் அதை நிறுவி, ஆடும்போதெல்லாம் ஓடவிட வேண்டும். இரண்டாவது வாரமே ஒருவர் மறந்துவிட்டு 'சர்வர் டவுன்' என்பார். மூன்றாவது, ப்ளேஇட் போன்ற சுரங்கச் சேவை. உங்கள் டெஸ்க்டாப்பில் ஒரு சிறு நிரல் ஓடும். அது உள்ளிருந்து வெளியே இணைப்பு எடுத்து வைத்திருப்பதால் சிஜிநாட் குறுக்கே வராது. நண்பர்களுக்கு வெறும் முகவரி ஒன்றைக் கொடுத்தால் போதும்.

உங்களுக்கு நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். ஆனால் அதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். எல்லாத் தரவும் அந்தச் சேவையின் இடைநிலையம் வழியாகத்தான் போகும். அது சிங்கப்பூரில் இருந்தால், அடுத்த தெரு நண்பர் ஒரு கல்லை வெட்டினாலும் அந்தச் செய்தி சிங்கப்பூர் போய் உங்கள் வீட்டுக்கு வந்து, பதில் அதே வழியில் திரும்ப வேண்டும். அவருக்கு 10 மில்லி நொடியில் முடிந்திருக்க வேண்டிய பிங் (செய்தி போய்த் திரும்பும் நேரம்) நூறைத் தொடும். அடுத்தது, சர்வரின் பதிவேட்டில் வெளியிலிருந்து வருபவர்கள் எல்லோரும் ஒரே ஐபியிலிருந்து வந்ததுபோலத் தெரியலாம். அப்படியானால் ஒருவரை ஐபி தடை செய்தால் நண்பர்கள் எல்லோருமே வெளியே. தடை போடுவதாக இருந்தால் பெயருக்குப் போடுங்கள்.

நெட்வொர்க்கில் கொஞ்சம் கைப்பழக்கம் வந்த பிறகு, சின்ன விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் கணினி) ஒன்றை மும்பையில் எடுத்து, அதற்கும் வீட்டுக்கும் நடுவே வயர்கார்டு என்ற மென்பொருளால் சுரங்கம் போடலாம். 1 ஜிபி ரேம் இருந்தால் தாராளம். தரவைக் கைமாற்றுவது மட்டும்தான் அதன் வேலை. வீட்டுப் பக்க அமைப்பில் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் (இணைப்பை உயிரோடு வைக்க அனுப்பும் சிறு செய்தி) 25 நொடி என்று போட மறக்காதீர்கள். மறந்தால், யாரும் ஆடாத நேரத்தில் சிஜிநாட் கருவி இணைப்பை மறந்துவிடும், வெளியிலிருந்து வருபவருக்கு வழி இருக்காது. இந்த ஏற்பாட்டில் உலகத்துக்குத் தெரிவது விபிஎஸ்ஸின் முகவரிதான், உங்கள் வீட்டு முகவரி மறைந்தே இருக்கும்.

இணைய வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த விளையாட்டில் தலைக்கு 1 எம்பிபிஎஸ் அப்லோடு ஒதுக்கினால் போதும். எட்டுப் பேருக்கு 8. உங்கள் ஃபைபரில் அப்லோடும் 100 என்றால் பத்து மடங்குக்கு மேல் இருக்கிறது. ஏர்ஃபைபர் மாதிரி காற்றுவழி இணைப்பாக இருந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்; அதில் வேகம் இருக்கும், பிங் மட்டும் குதித்துக்கொண்டே இருக்கும். டெஸ்க்டாப்பை வைஃபையில் விடாமல் லேன் கேபிளில் மாட்டுங்கள்.

தூரத்தைப் பணத்தால் குறைக்க முடியாது. ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப, கேபிளின் ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் 1 மில்லி நொடி. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர், ஆக 29 மில்லி நொடிக்குக் கீழே யாராலும் கொண்டுவர முடியாது. மதுரையிலிருந்து நடைமுறையில் 50ஐ ஒட்டி வரும். டொராண்டோவுக்கு 200ஐத் தாண்டும், சர்வர் உங்கள் வீட்டில் இருந்தாலும் சரி, மும்பையில் இருந்தாலும் சரி. வீடு கட்டுவது, சுரங்கம் தோண்டுவது, பண்ணை வைப்பது எல்லாம் அந்தப் பிங்கில் நன்றாகவே நடக்கும். வாள் சண்டையில் மட்டும் அத்தை மகன் தோற்றுக்கொண்டே இருப்பார். வாடகை சர்வர் பிங்கைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால், எந்த ஊருக்கு எந்த ஊரிலிருந்து என்று கேளுங்கள். மதுரையில் இருக்கும் ஐவருக்கு ஐரோப்பாவில் வைத்த மலிவு சர்வர், வீட்டில் இருப்பதைவிட மோசம்.

இனி கணினி. ஐ5-4570 என்பது 2013இல் வந்த நான்கு கோர் சில்லு, உச்சத்தில் 3.6 கிகாஹெர்ட்ஸ் ஓடும். இந்த வேலைக்கு அது குறைவில்லை. மைன்கிராஃப்ட் சர்வர் நொடிக்கு 20 டிக் (உலகத்தைக் கணக்கிடும் ஒரு சுற்று) ஓட வேண்டும், ஒரு டிக்குக்கு 50 மில்லி நொடி அவகாசம். அந்த 50க்குள் உயிரினங்கள், ரெட்ஸ்டோன், பயிர், ஹாப்பர் எல்லாக் கணக்கும் முடிய வேண்டும். இதில் பெரும்பகுதி ஒரே கோரில்தான் நடக்கிறது. அதனால் கோர் எண்ணிக்கையைவிட ஒற்றைக் கோரின் வேகம்தான் முக்கியம். ஒரு டிக் 50ஐத் தாண்டத் தொடங்கினால்தான் வெட்டிய கல் மீண்டும் முளைப்பதும், ஜாம்பி ஒரு நொடி கழித்துச் சாவதும் நடக்கும். இணையத்தின் மேல் பழி போடுவதற்கு முன் எம்எஸ்பிடி (ஒரு டிக்குக்கு எத்தனை மில்லி நொடி என்று காட்டும்) கட்டளையைத் தட்டிப் பாருங்கள். எண் 50க்குக் கீழே இருந்தால் லேக்குக்குக் காரணம் நெட்வொர்க். மேலே இருந்தால் சர்வர்.

இந்த டெஸ்க்டாப்பில் கட்டாயம் மாற்ற வேண்டியவை இரண்டு. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். எலைட்ரா இறக்கையில் ஒருவர் பறக்கும்போது புதிய நிலப்பரப்பை உருவாக்கி எழுத வேண்டியிருக்கும், பழைய டிஸ்க் அங்கேதான் மூச்சு வாங்கும். அடுத்தது, விண்டோஸ் 10ஐ நீக்குங்கள். அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. நான்காம் தலைமுறை இன்டெல்லை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது. இணையத்துக்குக் கதவு திறந்து வைக்கும் கணினியில் ஆதரவு முடிந்த இயங்குதளம் கூடாது. டெபியன் அல்லது உபுண்டு சர்வர் போட்டுக்கொள்ளுங்கள். திரைப்பகுதி இல்லாததால் ரேமும் மிச்சம்.

சர்வர் மென்பொருளுக்கு அசல் ஜார் கோப்புக்குப் பதில் பேப்பர் என்ற மாற்று மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். பிளக்இன் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) ஏற்கும், அதே வேலையைக் குறைந்த நேரத்தில் முடிக்கும். ரெட்ஸ்டோன் பிரியர்கள் குழுவில் இருந்தால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பொருள்களை இரட்டிப்பாக்கும் சில பழைய தந்திரங்கள் பேப்பரில் இயல்பாகவே அடைக்கப்பட்டிருக்கும். மைன்கிராஃப்ட் 1.20.5 முதல் ஜாவா 21 தேவை. அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்குப் பதிவிறக்கப் பக்கத்தில் சொல்லியிருக்கும் ஜாவாவையே போடுங்கள். 16 ஜிபியில் 6 ஜிபியை மட்டும் சர்வருக்குக் கொடுங்கள், ஜாவாவின் தொடக்க ரேம், உச்ச ரேம் அளவுகளான எக்ஸ்எம்எஸ், எக்ஸ்எம்எக்ஸ் இரண்டிலும் அதே எண். மிச்ச ரேமை இயங்குதளம் கோப்புகளை நினைவில் வைக்கப் பயன்படுத்திக்கொள்ளும், அது வீணாகாது.

அமைப்புக் கோப்பில் வியூ டிஸ்டன்ஸ் (எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்பது) இயல்பாக 10 இருக்கும். அதாவது ஒவ்வொருவரைச் சுற்றியும் 21க்கு 21, மொத்தம் 441 சங்க் (சதுர நிலத்துண்டு). அதை 7 ஆக்கினால் 225, பாதிதான். சிமுலேஷன் டிஸ்டன்ஸை (உயிரினங்களும் பயிர்களும் இயங்கும் தூரம்) 6க்குக் கொண்டுவாருங்கள். ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, பழைய சில்லுக்குப் பெரிய ஆறுதல். அடுத்து, ஆட்டம் தொடங்கும் முன் ஒரு நாள் சங்கி பிளக்இன் வைத்து மையத்திலிருந்து 3,000 பிளாக் ஆரத்துக்கு நிலத்தை முன்கூட்டியே உருவாக்கிவிட்டு, உலக எல்லையையும் அங்கேயே போடுங்கள். புது நிலம் உருவாக்குவதுதான் இந்தச் சர்வரின் மிகக் கனமான வேலை. அதை யாரும் ஆடாத பகலில் முடித்துவிட்டால் இரவு எட்டுப் பேர் எட்டுத் திசையில் ஓடினாலும் சர்வர் தாங்கும்.

போன்காரர்கள் இருவருக்கும் கீசர், ஃப்ளட்கேட் என்ற இரண்டு பிளக்இன்கள் வேண்டும். முதலாவது, போனில் ஆடும் பெட்ராக் பதிப்பின் மொழியை ஜாவா சர்வருக்கு மொழிபெயர்க்கும். இரண்டாவது அவர்கள் தனியாக ஜாவா கணக்கு வாங்காமலே நுழைய விடும். ஃப்ளட்கேட் வழியாக வருபவர்களின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி சேரும். அனுமதிப் பட்டியலில் புள்ளி இல்லாத பெயரைச் சேர்த்துவிட்டு 'உள்ளே வர முடியவில்லை' என்று திகைப்பவர்கள் பலர். ஃப்ளட்கேட்டின் சொந்த அனுமதிப் பட்டியல் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

அப்பாவின் முதல் கவலைக்கு வருகிறேன். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத உங்கள் டெஸ்க்டாப் ஆட்ட நேரத்தில் 60 வாட் அளவில் எடுக்கும் என்று கொள்வோம். நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாத பில்லில் 86 யூனிட் கூடும். நான் சொன்ன மாலை ஆறு மணி நேரம் மட்டும் என்றால் 22 யூனிட்தான். உங்கள் பில்லில் கடைசிப் படி யூனிட்டுக்கு எத்தனை ரூபாய் என்று பார்த்து அதால் பெருக்குங்கள். சராசரியால் பெருக்கினால் தப்புக் கணக்காகும், ஏனென்றால் புதிதாகச் சேரும் யூனிட்டுகள் உச்சிப் படியில்தான் விழும். இன்னொன்று: தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் தாண்டினால் கீழ்ப்படிகளின் கணக்கும் உயர்ந்த விகிதத்துக்கு மாறிவிடும். ஏற்கெனவே 450, 480 என்று வரும் வீடாக இருந்தால் அந்த 86 யூனிட் தன் விலையைவிட அதிகமாகக் கடிக்கும். அப்படி இல்லாத வீட்டில் 24 மணி நேரம் ஓட்டினாலும் மாதம் 800 ரூபாய் வாடகையைவிடக் குறைவாகவே வரும். 60 வாட் என்பதை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள்: வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மின்மீட்டரின் சிவப்பு விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். மீட்டரில் யூனிட்டுக்கு 3,200 துடிப்பு என்று எழுதியிருந்தால், 60 வாட்டுக்கு நிமிடத்துக்கு மூன்று முறைக்குச் சற்று மேல் சிமிட்டும்.

கரண்ட் செலவைவிடக் கரண்ட் போவதுதான் பெரிய ஆபத்து. சர்வர் 5 நிமிடத்துக்கு ஒருமுறை உலகத்தை டிஸ்க்கில் எழுதுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், 32க்கு 32 சங்க் அடங்கிய ஒரு ரீஜன் கோப்பு பழுதாகலாம்; அதில் யாராவது இரண்டு மாதமாகக் கட்டிய கோட்டை இருக்கும். 600 விஏ யுபிஎஸ் போதும். புதுப் பேட்டரியில் டெஸ்க்டாப், ரூட்டர், ஃபைபர் பெட்டி மூன்றையும் 20 நிமிடம் அளவுக்குத் தாங்கும். இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரியை மாற்ற வேண்டும். வாங்கும்போது பின்னால் யுஎஸ்பி தரவு இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், மலிவானவற்றில் பெரும்பாலும் இருக்காது. இருந்தால், லினக்ஸில் நட் என்ற மென்பொருள் பேட்டரி இறங்குவதைப் பார்த்துத் தானே சர்வரை முறையாக நிறுத்தும். இல்லையென்றால் ஒரு மாற்று வழி: யுபிஎஸ்ஸில் மாட்டாமல் நேரடி மின்சாரத்தில் இருக்கும் பழைய வைஃபை பிளக் ஒன்றுக்கு நிமிடத்துக்கு ஒருமுறை பிங் அனுப்பும் சிறு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். மூன்று முறை பதில் இல்லை என்றால் கரண்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு ஸ்டாப் கட்டளை கொடுக்கட்டும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்புறம் யுபிஎஸ் முறை என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சாதாரண முறையில் மின்விசிறிக்குத் தெரியாத இடைவெளியில் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும், யுபிஎஸ் முறையில் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். சர்வரை லினக்ஸின் சிஸ்டம்டி (பின்னணி நிரல்களைத் தொடங்கி நிறுத்தும் பகுதி) சேவையாக அமைத்து, நிறுத்தும் அவகாசத்தை 180 நொடியாக உயர்த்துங்கள். இயல்பான 90 நொடியில் சேமித்து முடிக்காவிட்டால் அது சர்வரை வலுக்கட்டாயமாகக் கொன்றுவிடும்.

ஹேக் பயம் நியாயமானதுதான், ஆனால் கையாளக்கூடியது. 25565 போர்ட்டைத் தேடி இணையம் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கும் தானியங்கிகள் உண்டு. முகவரியை யாருக்கும் சொல்லாவிட்டாலும் உங்கள் சர்வரைக் கண்டுபிடித்துவிடும். அதனால் முதல் நாளே அனுமதிப் பட்டியலை இயக்குங்கள், அதைக் கட்டாயமாக்கும் என்ஃபோர்ஸ் அமைப்பையும் சேர்த்து. ஆன்லைன் மோடை (கணக்கு உண்மையானதா என்று சரிபார்க்கும் அமைப்பு) எந்தக் காரணத்துக்காகவும் அணைக்காதீர்கள். காசு கொடுக்காத நண்பன் ஒருவன் கிராக் பதிப்பில் வர வேண்டும் என்று கெஞ்சுவான். அணைத்த நொடியிலிருந்து, யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரைப் போட்டுக்கொண்டு நிர்வாகியாக நுழையலாம். அனுமதிப் பட்டியலும் அங்கே காப்பாற்றாது, அது பார்ப்பது பெயரைத்தான். தொலைவிலிருந்து சர்வருக்குக் கட்டளை கொடுக்கும் ஆர்கான் (RCON) போர்ட் 25575, கணினியையே இயக்கும் எஸ்எஸ்ஹெச் போர்ட் 22 இரண்டையும் ரூட்டரில் திறக்க வேண்டாம். எல்லாப் போர்ட்டையும் ஒரே கணினிக்குத் திறந்துவிடும் டிஎம்இசட் வேண்டவே வேண்டாம். சர்வரை ரூட் என்ற முழு அதிகாரப் பயனராக ஓட்டாமல் அதற்கென்று அதிகாரமில்லாத ஒரு பயனரை உருவாக்குங்கள்.

புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா நிரல்தொகுப்பின் ஓட்டை வெளிப்பட்டபோது, அரட்டையில் ஒரு வரி தட்டச்சு செய்தாலே சர்வரில் தன் நிரலை ஓட்ட முடிந்தது; மைன்கிராஃப்ட் 1.18.1 அதை அடைத்தது. முகவரி வெளியே தெரிவதால் வரும் இன்னொரு தொல்லை டிடாஸ் தாக்குதல், அதாவது ஏராளமான கணினிகளிலிருந்து தரவைக் கொட்டி இணைப்பை அடைப்பது. 2016இல் இணையத்தையே உலுக்கிய மிராய் நச்சுநிரலின் வேர், மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துபவர்களுக்கிடையே நடந்த இந்த வகைத் தாக்குதல் போட்டியில்தான் இருந்தது. எட்டு நண்பர்களின் சர்வரைக் குறிவைத்து யாரும் வரப்போவதில்லை. ஆனால் முகவரியைப் பொதுக் குழுக்களில் போட்டு, அறிமுகமில்லாதவர்களைச் சேர்க்கத் தொடங்கினால் கோபத்தோடு வெளியேறும் ஒருவர் போதும், உங்கள் வீட்டு இணையமே மூச்சுத் திணறும். அந்த நாள் வந்தால் வீட்டுச் சர்வரை மூடிவிட்டு வாடகைக்குப் போங்கள். நல்ல வாடகை நிறுவனங்களிடம் டிடாஸ் வடிகட்டி இருக்கும், வீட்டு ரூட்டரிடம் இருக்காது.

இப்போது 800 ரூபாய்த் திட்டம். 'எத்தனை பேர் வேண்டுமானாலும்' என்பதற்குப் பொருளே கிடையாது. எத்தனை பேர் என்பதை முடிவு செய்வது சில்லு. ரேமை வைத்து விலை சொல்பவரிடம் கேட்க வேண்டியது சிபியு மாடல் எது, ஒரு கோரை எத்தனை பேருக்குப் பங்கிடுகிறீர்கள் என்பதுதான். மாடல் பெயரைச் சொல்லத் தயங்கினால் விலகிவிடுங்கள். பல கோர் கொண்ட பழைய சர்வர் சில்லுகள் ஒற்றைக் கோர் வேகத்தில் உங்கள் டெஸ்க்டாப்பையே தாண்டாது. 4 ஜிபி திட்டத்தில் ஜாவாவுக்கு 3 ஜிபிதான் கொடுக்க முடியும். ஜாவா தனக்கென்று அதற்கு வெளியிலும் நினைவகம் எடுக்கும்; முழு 4ஐயும் கொடுத்தால், கூட்டம் சேர்ந்த ஓர் இரவில் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் சர்வர் சட்டென்று செத்துப்போகும். எட்டுப் பேர், சில பிளக்இன், கீசர் என்றால் 6 ஜிபி திட்டம் பாருங்கள்.

போர்ட் ஒன்று மட்டும் தருகிறார்களா என்றும் கேளுங்கள். மலிவுத் திட்டங்களில் ஒரே ஒரு போர்ட்தான் இருக்கும், போன்காரர்களுக்கு 19132 கிடைக்காது. கீசர் அமைப்பில் க்ளோன் ரிமோட் போர்ட் என்பதை இயக்கினால், ஜாவா டிசிபியிலும் பெட்ராக் யுடிபியிலும் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்ளும், ஆனால் அந்த நிறுவனம் யுடிபியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். எஸ்எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறை வழியாக முழு உலகத்தையும் நீங்களே பதிவிறக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. முடியாது என்றால் அங்கே போகவே வேண்டாம். மும்பையா சிங்கப்பூரா என்றால், ஐந்து பேர் மதுரையில் இருப்பதால் மும்பை. ஆண்டுக் கட்டணத் தள்ளுபடிக்கு ஆசைப்படாமல் முதல் மாதத்தை மட்டும் கட்டுங்கள், ஒரு சனிக்கிழமை இரவு எட்டுப் பேரும் சேர்ந்து ஆடி எம்எஸ்பிடி பார்த்துவிட்டு அடுத்த மாதத்தை முடிவு செய்யுங்கள். கூட்டம் கூடும் வார இறுதி இரவுகளில்தான் அளவுக்கு மீறி விற்றவரின் சாயம் வெளுக்கும். டாலரில் விலை போட்டிருந்தால் கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் வரியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

மைன்கிராஃப்ட் நிறுவனமே வாடகைக்குத் தரும் ரியல்ம்ஸ் சர்வர் பற்றி நீங்கள் கேட்கவில்லை. போன், கணினி இரண்டும் கலந்த குழுவுக்கு அது சரிவராது, பிளக்இன்னும் போட முடியாது.

வாடகைக்கு மாறும் நேரத்தைத் தீர்மானிக்கப்போவது பெரும்பாலும் கடிகாரம். சிங்கப்பூரில் இரவு ஒன்பது என்பது உங்களுக்கு மாலை ஆறரை. அவர்களுக்காகத்தான் ஆறு மணிக்கே தொடங்கச் சொன்னேன். டொராண்டோவில் இரவு ஒன்பது என்றால், அங்கே கோடையானால் இங்கே காலை ஆறரை, குளிர்காலமானால் ஏழரை. அத்தை மகன் வார நாட்களிலும் ஆட விரும்பினால் சர்வர் நாள் முழுக்க எழுந்திருக்க வேண்டும். நீங்கள் தேர்வறையில் இருக்கும்போது அது நின்றுபோனால் வீட்டில் யாராவது போய்ப் பார்க்க வேண்டும். அந்த வேலையை அப்பா அம்மா தலையில் வைக்காதீர்கள். அப்போது மாதம் 800 ரூபாய் எட்டுப் பேருக்குத் தலைக்கு 100; 6 ஜிபி திட்டத்துக்கு இதைவிடச் சற்றுக் கூடினாலும் அது நியாயமான விலை.

அந்த மாற்றம் வலியில்லாமல் நடக்க இன்றே ஒரு டொமைன் வாங்கி, நண்பர்களுக்கு அந்தப் பெயரையே கொடுங்கள். ஜாவா பதிப்புக்கு எஸ்ஆர்வி பதிவு (பெயரோடு போர்ட் எண்ணையும் சொல்லும் டொமைன் குறிப்பு) போட்டால் போர்ட் எண்ணையும் அவர்கள் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. பெட்ராக் அந்தப் பதிவைப் பார்க்காது, போன்காரர்கள் போர்ட்டைக் கையால் போட வேண்டும். நாளை சர்வர் எங்கே இடம் மாறினாலும் பதிவை மட்டும் மாற்றினால் போதும். மாறும் நாளுக்கு முந்தின நாளே டிடிஎல் (பழைய பதிவை எத்தனை நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவு) மதிப்பை 300 நொடிக்குக் குறையுங்கள், இல்லையென்றால் பாதிப் பேர் பழைய சர்வரிலும் பாதிப் பேர் புதியதிலும் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

பேக்கப் வீட்டிலும் வேண்டும், வாடகையிலும் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் உலகத்தை அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய கோப்புகள் வரும். சேவ் ஆஃப் கட்டளை கொடுத்து, சேவ் ஆல் ஃப்ளஷ் செய்து, நகலெடுத்து, பிறகு சேவ் ஆன் கொடுங்கள். கடைசிக் கட்டளையை ஸ்கிரிப்ட் தவறவிட்டால் அன்றிலிருந்து எதுவுமே டிஸ்க்கில் ஏறாது, அதனால் நகலெடுப்பது தோற்றாலும் அந்த வரி ஓடும்படி எழுதுங்கள். ஓவர்வேர்ல்ட், நெதர், எண்ட் மூன்றும் தனி அடைவுகளில் இருந்தால் மூன்றையும் எடுங்கள். பிளக்இன் அடைவையும், அனுமதிப் பட்டியல் கோப்பையும் சேர்த்து. தினமும் ஒன்று, ஏழு நாள் வரை வைத்திருங்கள். வாரம் ஒன்றை அந்தக் கணினிக்கு வெளியே, உங்கள் லேப்டாப்பிலோ கிளவுடிலோ போடுங்கள். வாடகை சர்வரில் கட்டணம் தவறினால் சில நாளிலேயே எல்லாவற்றையும் அழித்துவிடும் நிறுவனங்கள் உண்டு. அவர்களுடைய பேனலுக்குள் இருக்கும் பேக்கப்பும் அதோடு போகும். இரண்டாவது வாரத்தில் ஒரு பேக்கப்பை எடுத்து லேப்டாப்பில் தனியாக ஒரு சர்வர் ஓட்டி, உங்கள் வீட்டுப் பெட்டியில் பொருள்கள் அப்படியே இருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள்.